பழவேற்காட்டுப் பாதையில் ஓர் அக்கினி தேவன்

திருப்பாலைவனத்து ஈசனைத் தரிசித்துவிட்டு, பழவேற்காடு ஆதிநாராயணப் பெருமாளைச் சேவிக்கச் சென்ற வழியில் எங்கள் வேனின் பின்சக்கரம் காற்றிழந்தது. மீனவர் குடியிருப்பை ஒட்டி ஒரு பஞ்சர் கடை. முகப்பில் 'வல்கனைசிங்' என்ற பலகை. வல்கன் என்பது பண்டை உரோமர் வணங்கிய அக்கினி தேவனின் திருநாமம். ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடேற்றி உறுதிப்படுத்தும் முறையை 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிய, அம்முறைக்கு அத்தேவன் பெயரே வாய்த்தது. அறியாமலே ஊர்தோறும் எழுதி வைத்திருக்கிறோம்!

கடைக்காரர் இளைஞர். சக்கரத்தைத் தொட்டி நீரில் அமிழ்த்தி, குமிழி எழுந்த இடத்தைத் தடவினார்.

"உப்புக்காற்றில் ரிம் துருப்பிடித்துத்தான் கசிகிறதோ என்று நினைத்தேன், ஐயா. டயரின் பக்கவாட்டிலேயே கீறல். தரையில் படும் பகுதியென்றால் ஒட்டலாம். இவ்விடம் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும், ஒட்டு நில்லாது. வண்டியில் பெரியவர்கள் இருக்கிறீர்கள்" என்றார்.

ஒட்டியிருந்தால் கூலி கிடைத்திருக்கும். எங்களுக்குத் தெரிந்திருக்கவும் போவதில்லை.

ஸ்டெப்னியை மாட்டுமுன், அதில் பொறித்திருந்த நான்கு இலக்கங்களைப் படித்துப் பார்த்தார். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருளாம். யாத்திரைக்கு வண்டி பேசும் அன்பர்கள் இதனைக் கேட்டறிதல் நலம்.

சக்கரம் மாற்றிய கூலியை மட்டும் பெற்றுக்கொண்டு, "நடை சாத்திவிடப் போகிறார்கள், புறப்படுங்கள்" என்றார். நாங்கள் சென்றபோது நடை திறந்திருந்தது.