பருவம் தப்பிய சாதனை

தில்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2015 மார்ச்சில் பதிவான மழை 97.4 மி.மீ. அதற்கு முன் எந்த மார்ச்சிலும் அங்கே அவ்வளவு பெய்ததில்லை. ஐந்தே ஆண்டுகளில் அந்தச் சாதனையும் பழங்கதையானது. 2020 மார்ச்சில் 109.6 மி.மீ. கொட்டியது. தலைநகரவாசிக்கு இதெல்லாம் இதமான செய்திதான். ஹோலி முடிந்தும் மின்விசிறியைத் தேட வேண்டியதில்லை. நகர எல்லையைத் தாண்டினால், ஹரியானாவிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் அதே மழைக்குப் பெயர் 'பேமௌசம் பாரிஷ்'. பருவம் தப்பிய மழை.

டிசம்பர், ஜனவரியில் பெய்திருந்தால் அதையே 'மஹாவட்' என்று கொண்டாடியிருப்பார்கள். கோதுமைக்கு ஒரு பாசனச் செலவு மிச்சம். இரண்டையும் கொண்டுவருவது ஒன்றேதான்: மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் 'மேற்கத்திய இடையூறுகள்'. (பெயரில் உள்ள இடையூறு ஜனவரியில் யார் கண்ணுக்கும் படுவதில்லை.) 2015 மார்ச்சில் அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நாடு முழுவதும் அந்த மாத மழை இயல்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

மார்ச்சில் கோதுமை மணி பிடித்து முற்றும் நேரம். தலை கனத்து நிற்கும் பயிர், மண் நனைந்து காற்றும் அடித்தால் அப்படியே படுத்துவிடுகிறது. படுத்த பயிரில் மணி சுருங்குகிறது. அறுவடை எந்திரத்துக்கும் அது சரியாக அகப்படுவதில்லை. முற்றிய கதிர் நனைந்தாலோ பளபளப்பு போய்விடும், சில சமயம் கதிரிலேயே முளை விடும். 2013-14ல் 9.58 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், அடுத்த ஆண்டு 8.65 கோடி டன்னாக இறங்கியது.

மழைமானியில் இந்த நஷ்டம் தெரியாது. இத்தனைக்கும் அது மழை மிகுந்த காலமே அல்ல. 2014 தென்மேற்குப் பருவமழை இயல்பைவிட 12 சதவீதம் குறைவு; 2015ல் 14 சதவீதம் குறைவு. இரண்டு வறட்சிகளுக்கு நடுவே ஒரு வெள்ளம்.

அதுவரை பயிரில் பாதியாவது அழிந்தால்தான் நிவாரணம். 2015 ஏப்ரலில், 33 சதவீதம் அழிந்தாலே போதும், தொகையும் ஒன்றரை மடங்கு என்று பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 9,000 ரூபாய் என்பது 13,500 ஆனது. நல்ல மாற்றம், சந்தேகமில்லை. ஆனால் அழிந்தது 33 சதவீதமா, 30 சதவீதமா? வயலைப் பார்த்து அதை எழுதுபவர் 'பட்வாரி' எனப்படும் கிராமக் கணக்கர். 'கிர்தாவரி' என்கிற அவரது பதிவேட்டில்தான் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் நிர்ணயமாகிறது. காசோலையும் நிலம் யார் பெயரில் உள்ளதோ அவருக்கே. விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கி, வாரத்துக்கு உழுதவர் வாசலில் நிற்க வேண்டியதுதான். உ.பி.யின் பைசாபாத்தில் அந்த ஏப்ரலில் சில விவசாயிகளுக்கு வந்த காசோலைகளில் இருந்த தொகை 75 ரூபாய், 100 ரூபாய். வங்கிக்குப் போய்வரும் பஸ் செலவு போக என்ன மிஞ்சும்?

2016ல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அறுத்து வயலில் காயப்போட்ட பயிர் 14 நாட்களுக்குள் பருவம் தப்பிய மழையில் நனைந்தாலும் இழப்பீடு உண்டு என்கிறது அது. 2023 மார்ச்சில் மறுபடியும் மழை. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் மறுபடியும் கோதுமை படுத்தது, பட்வாரிகள் பதிவேட்டோடு கிளம்பினார்கள். சுருங்கிய, நிறம் மங்கிய மணிகளையும் வாங்கிக்கொள்ளும்படி கொள்முதல் விதிகளை மத்திய அரசு மறுபடியும் தளர்த்தியது.