வெற்றிலைப் பையும் கைத்தொலைபேசியும்

மலைநாட்டுத் தோட்டங்களில் பொழுது புலர்வதே வெற்றிலையோடுதான் எனலாம். பனி விலகுமுன் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறும் தாய்மார் பலரின் இடுப்பிலே ஒரு சிறு பையைக் காண்கிறோம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை; அவ்வளவே அதிலுள்ள செல்வம். குளிருக்கு இதம், பசிக்கு ஆறுதல், பேச்சுக்குத் துணை என்று அதற்குப் பல பெருமைகள் கூறுவர். கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் அதுவே முதல் உபசாரம். ஆயினும் அந்தப் பையினுள்ளே ஒரு பகைவனும் ஒளிந்திருக்கிறான்.

இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோயே. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை விளைவிக்கும் எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985-ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. "நாங்கள் புகையிலை போடுவதில்லையே" என்று ஆறுதல் அடைவோர்க்கு அந்நிறுவனம் 2004-இல் வெளியிட்ட நூல் மறுமொழி கூறுகிறது: பாக்கு ஒன்றே போதும், புற்றுநோய் விளைய! இது பிறர் கதையன்று. மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாயைச் சோதித்து, புற்றையும் அதன் முன்னிலைகளையும் ஆராய்ந்த கட்டுரையொன்று 2007-இல் வெளிவந்துள்ளது.

எனினும் இப்பகைவன் பெரும்பாலும் அறிவித்துவிட்டே வருகிறான். கன்னத்தின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத வெண்படலம். நாவின் ஓரத்தில் செந்நிறத் திட்டு. காரம் பட்டால் எரிச்சல். நாளடைவில் இறுகி, விரல்கள் நுழையவும் இடங்கொடாத வாய். இவை தொடக்கத்தில் பெரிதாக நோவதில்லை. நோவாததை நாம் நோயென்று கருதுவதுமில்லை. அங்கேதான் உயிர்கள் பறிபோகின்றன.

இவற்றைக் கண்டறியப் பெரிய கருவிகள் தேவையில்லை. 1980-களின் தொடக்கத்தில் இலங்கையிலேயே சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்து, கிராம மக்களின் வாயைப் பரிசோதிக்கச் செய்தார்கள். அவர்கள் இப்பணியைத் திறம்படச் செய்ய வல்லவர் என்பதை 1984-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏடு வெளியிட்டது. கேரளத்துத் திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கிய பெரிய ஆய்விலும் பயிற்சி பெற்ற ஊழியர்களே வாயைப் பார்த்தனர். புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றால் நேரும் மரணம் நூற்றுக்கு 34 பங்கு குறைந்ததென 2005-இல் முடிவு வெளியாயிற்று.

அப்படியாயின் குறை எங்கே? ஊழியர் ஐயுற்றுச் சீட்டுக் கொடுத்தாலும், வைத்தியசாலைக்குப் போகாதவர் பலர். தோட்டத்திலோ காரணம் வெளிப்படை. பேராதனைக்குப் போய் வரும் நாளில் பேர் விழாது, கூலி போயிற்று. நோகாத ஒரு திட்டுக்காக அடுப்பை அணைக்க எந்தத் தாய் துணிவாள்?

இவ்விடத்திலேதான் புதிய மென்பொருள் துணைக்கு வருகிறது. ஊழியர் கைத்தொலைபேசியால் வாயைப் படம்பிடித்து அனுப்ப, தொலைவிலிருக்கும் நிபுணர் அதைப் பார்த்துக் கருத்துரைக்கும் முறையைப் பெங்களூர் மருத்துவர்கள் கையாண்டு 2015-இல் எழுதினார்கள். அடுத்த படி, படத்தைக் கணினியே முதலில் பார்ப்பது. குழந்தைக்கு நாம் மாம்பழத்தையும் கொய்யாவையும் பலமுறை காட்டிப் பெயர் சொல்லித் தருவதுபோல, நிபுணர் குறியிட்ட படங்களை ஆயிரக்கணக்கில் காட்டிக் கணினியைப் பழக்குகிறார்கள். இலங்கை ஆய்வாளர்கள் 714 நோயாளரிடம் எடுத்த 3000 வாய்ப்படங்களைத் தொகுத்து 2024-இல் வெளியிட்டிருக்கிறார்கள். அவற்றை எடுத்தது கைத்தொலைபேசியே! நம் நாட்டு வாய்களைக் கண்டு பழகிய கணினி, நம் மக்களுக்குக் கூடுதலாக உதவும் என்று நம்பலாம்.

ஆயினும் வாசகர்கள் ஒன்றை மறத்தலாகாது. கணினி சொல்வது ஐயமே; தீர்ப்பன்று. வெளிச்சம் குன்றினாலும், வெற்றிலைக் கறை மூடினாலும், படம் பிசகும். அதன் முடிவும் பிசகும். அது "குற்றமில்லை" என்றதற்காக ஆறாத புண்ணைப் பொறுத்திருப்பது பேதைமை. திசுவில் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே உறுதியான சோதனை. அதற்கு மனிதர் நேரில் போயே ஆகவேண்டும். போக வேண்டாத பலரின் ஒரு நாட் கூலியை இக்கருவி காக்கலாம். போகவேண்டியவரை அது தூக்கிச் செல்லாது. அவருக்கு ஒரு நாள் விடுப்பும் வழிச்செலவும் கொடுப்பது தோட்டத்தின் கடமை. கையைப் பிடித்து அழைத்துச் செல்வது குடும்பத்தின் கடமை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. உங்கள் வீட்டில் கைத்தொலைபேசி இருக்குமாயின், அதில் ஒரு சிறு விளக்கும் இருக்கும். இன்று மாலை பாட்டியை வாய் கொப்புளிக்கச் சொல்லி, அவ்விளக்கொளியில் கன்னத்தின் உட்புறத்தையும் நாவின் அடியையும் பாருங்கள். வெள்ளையோ சிவப்போ தென்பட்டாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும், தோட்டத்து மருந்துச்சாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கிருந்து பல் வைத்தியரிடம் செல்லுங்கள். பாட்டி சிரிப்பாள், "எனக்கென்னடா நோவு?" என்பாள். நோவு வருமுன் போவதே நலம் என்று சொல்லுங்கள். முடிந்தால் அந்தப் பையையும் மெல்ல வாங்கி வைத்துவிடுங்கள்.