கூமாப்பட்டிக்கு எந்தப் பூங்கா வேண்டும்?

2025-இல் ஒரு செல்போன் வீடியோவால் நம்ம கூமாப்பட்டி ஊர் உலகமெல்லாம் தெரிந்துவிட்டது. அதையொட்டி, பிளவக்கல் அணைப் பூங்காவைச் சீரமைக்க அரசு 10 கோடி ரூபாய் அறிவித்தது. சந்தோஷம்தான். ஆனால் பூங்கா என்றால் நமக்குத் தெரிந்தது சிமெண்ட் யானை, ஊஞ்சல், கலர் விளக்கு, செல்ஃபி எடுக்க ஒரு வளைவு. இதற்கு மலையடிவாரம் எதற்கு? ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாமே!

செங்கோட்டை தாண்டித் திருவனந்தபுரம் போகிற வழியில் பாலோடு இருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த ஏ. ஆபிரகாம், 1979-இல் அங்கே 300 ஏக்கரில் ஒரு தாவரவியல் தோட்டத்தைத் தொடங்கி, அதன் முதல் இயக்குநராகவும் இருந்தார். ஆர்க்கிட் செடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அவர் போட்டது அலங்காரத் தோட்டமல்ல. நம் மலைச் செடிகளைக் காப்பாற்றி ஆராய்கிற இடம்.

பலன் என்ன என்கிறீர்களா? பின்னாளில் அங்கே இயக்குநரான புஷ்பாங்கதன், 1987-இல் அகத்தியமலைக்குப் போனார். வழிகாட்ட வந்த காணிக்காரர்கள் ஒரு சின்னக் காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் மலையேறினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோட்டில் ‘ஜீவனி’ மருந்து உருவானது. உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. நடைமுறையில் குறைகள் இருந்தன. ஆனாலும் மலைவாசியின் அறிவுக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டார்களே!

நாம் என்ன செய்தோம்? சதுரகிரிக்குப் போய் வந்து ‘மூலிகைக் காற்று’ என்று பெருமை பேசுகிறோம். பத்து மூலிகையைக் காட்டச் சொன்னால் விழிப்போம். காட்டத் தெரிந்த பளியரை யாரும் கேட்பதில்லை.

‘செடி பார்க்க எவன் வருவான்?’ என்பார்கள். 1848-இல் மெக்ஐவர் வேலையைத் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு இன்றும் கூட்டம் குறையவில்லையே?

300 ஏக்கர் கேட்கவில்லை. பூங்காவில் பாதியை நம் மலையின் மரம் செடிகளுக்கு விடுங்கள். காட்டில் பிடுங்காமல் நாற்றங்காலில் வளர்த்து நடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர்ப்பலகை வையுங்கள். பளியருக்குச் சம்பளத்தோடு வேலை கொடுங்கள், கூலியாளாக அல்ல, சொல்லித் தருபவராக. அவர்களைக் கேட்காமல் ஒரு குழிகூட வெட்டாதீர்கள்.

வீடியோவை ஜனங்கள் மறந்துவிடுவார்கள். நட்ட மரம் நிற்கும்.