மழை உறைபனி அல்ல!

மாணவர்களே, குளிர்நாட்டு விவசாயிக்கு ஆண்டுதோறும் ஒரு கவலை உண்டு. முதல் உறைபனி எப்போது விழும்? வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இறங்கினால் செடியின் திசுக்களில் உள்ள நீர் பனிக்கட்டியாகி, உயிரணுக்கள் சிதைந்துவிடும். ஒரே இரவில் செடி கருகிவிடும். அதனால் தக்காளியைக் காயாகவே பறித்து வீட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். அது அங்கேயே பழுத்துக்கொள்ளும். முந்திக்கொள்வதுதான் அங்கே புத்திசாலித்தனம்.

நம் கெலாங் பாத்தாவில் உறைபனி கிடையாது. ஆனால், நவம்பர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை வரும். அப்போது செம்பனை வைத்திருப்பவர்களிடம் ஒரு பேச்சு அடிபடும்: "மழைக்கு முன்னால் எல்லாக் குலையையும் வெட்டிவிடுவோம்." இந்த அவசரம் தவறு என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

செம்பனைப் பூவில் மகரந்தச் சேர்க்கை நடந்து பழம் முற்ற ஏறக்குறைய ஐந்தரை மாதம் ஆகும். இந்தக் காலம் முழுவதும் எண்ணெய் சீராக ஊறுவதில்லை. முதல் சில மாதங்களில் பழம் பருக்கிறது, கொட்டை கெட்டியாகிறது. சதையில் எண்ணெய் சேர்வது பெரும்பாலும் கடைசிச் சில வாரங்களில்தான். கருத்திருந்த பழம் செம்மஞ்சளாக மாறுவதும் அப்போதுதான். அந்த நிறத்தைத் தருவது கரோட்டின். கேரட்டில் இருக்கும் அதே பொருள்.

எண்ணெய்க்கான மூலப்பொருள் சர்க்கரை. அதை ஓலைகள் ஒளிச்சேர்க்கையில் தயாரித்து அனுப்புகின்றன. குலையை வெட்டிய நொடியே அந்த வரத்து நின்றுபோகிறது. தக்காளியைப் போல வெட்டிய பிறகு தேறிக்கொள்ளும் என்று செம்பனையை நம்ப முடியாது. இரண்டு வாரம் முன்னதாக வெட்டினால், அந்த இரண்டு வார எண்ணெய் போனது போனதுதான். எடையில் மட்டும் அது பெரிதாகத் தெரியாது.

அப்படியானால் நாள் கடத்தலாமா? அதுவும் ஆபத்து. செம்பனைப் பழச் சதையில் லைபேஸ் என்ற நொதி இருக்கிறது. பழம் நசுங்கினால் அது எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பமிலங்களைப் பிரித்துவிடும். கச்சா எண்ணெயில் இப்படிப் பிரிந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டினால் தரம் குறைந்ததாகக் கருதுவார்கள். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கச் சொல்வதும், ஆலையில் முதல் வேலையாக அதை நீராவியில் வேகவைப்பதும் இந்த நொதியை அடக்கத்தான்.

முந்தினாலும் நட்டம், பிந்தினாலும் நட்டம். சரியான நாளை யார் சொல்வது? மரமே சொல்கிறது. பழம் முற்றும்போது எத்திலீன் வாயு சுரக்கிறது. அதன் தூண்டுதலால் காம்பருகே உள்ள உயிரணு அடுக்கு பிரிந்து, பழங்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. பழுத்த குலை என்றால் குறைந்தது 10 பழங்களாவது உதிர்ந்த குழிகள் அதில் இருக்க வேண்டும், பாதிக்கு மேல் பழங்கள் இன்னும் ஒட்டியிருக்க வேண்டும் என்கிறது மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் தர வழிகாட்டி. அந்தக் கணக்கைத் தோட்டத்தில் தொடங்க வேண்டிய இடம் மரத்தடி.

"அதெல்லாம் சரி, வெள்ளம் வந்தால்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் வந்த பெருவெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. ஆனால், உறைபனிக்கும் மழைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. உறைபனி பயிரையே கொல்கிறது. மழை பொதுவாக மரத்திலுள்ள குலையைக் கொல்வதில்லை. அது நம் பாதையைத்தான் அடைக்கிறது. சேறும் நீரும் நிறைந்தால் ஆள் உள்ளே போக முடியாது, லாரி வெளியே வர முடியாது. தடை பாதையில் இருக்கும்போது பிஞ்சுக் குலையை வெட்டி என்ன பயன்? செப்டம்பரிலேயே வாய்க்காலைத் தூர்வாருங்கள், பாதையை மேடாக்குங்கள். மழைக்கு முன் அறுவடைச் சுற்றை 14 நாளிலிருந்து 10 நாளாகக் குறையுங்கள். அப்போது பழுத்தது எதுவும் மரத்தில் தேங்காது. கருங்குலையை மட்டும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குலையின் எடைக்கு மட்டும் கூலி கொடுத்துவிட்டு, "ஏன் பழுக்காததை வெட்டினாய்?" என்று தொழிலாளியைக் கடிந்துகொள்வது நியாயமில்லை. கருங்குலைக்கும் எடை உண்டு. எண்ணெய் நிறைந்த உதிரிப் பழங்களைப் புல்லுக்குள் குனிந்து பொறுக்குவதோ முதுகு ஒடியும் வேலை. அதற்குத் தனியாக, போதுமான கூலி கொடுத்தால், பழம் உதிரும்வரை காத்திருப்பது தொழிலாளிக்கும் லாபமாகும்.

உங்கள் வீட்டிலோ உறவினரிடமோ செம்பனை இருந்தால், அறுவடை நடக்காத நேரத்தில் பெரியவர்களோடு போய்ப் பாருங்கள். ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, நாள், மழை, உதிர்ந்த பழங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். "மழை வருது, வெட்டிடலாம்" என்று அடுத்த முறை யாராவது சொன்னால், அந்த நோட்டைத் திறந்து காட்டுங்கள்.