நிரம்பிய கோபுரத்தில் ‘அன்லிமிடெட்’ விற்பனை

பள்ளி விடுமுறையில் கேமரன் மலையேறும் கார்கள் தானா ராத்தா, பிரிஞ்சாங் சாலையை மட்டுமா அடைக்கின்றன? கைப்பேசிக் கோபுரத்தையும் சேர்த்துத்தான் அடைக்கின்றன. அன்று மாலை தோட்ட லயத்தில் ‘லைன்’ நாலு கோடும் நிறைந்தே தெரியும். வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்து டாக்காவுக்கோ காட்மாண்டுவுக்கோ பேசக் காத்திருக்கும் தொழிலாளி, வீட்டுப்பாடம் தேடும் பிள்ளை, இருவர் கையிலும் அன்லிமிடெட் திட்டம்தான்.

20 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் இயங்கும் சாதாரண 4ஜி கோபுரத்தின் ஒரு பக்கம், ஏட்டளவில் வினாடிக்கு 150 மெகாபிட் தரும். தேயிலைச் சரிவில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. 50 பேர் ஒரே நேரத்தில் படம் பார்த்தால் ஆளுக்கு ஒன்றரை மெகாபிட். கோபுரம்வரை ஃபைபர் வராவிட்டால் அதுவும் சந்தேகம்.

ஆகவே வரம்பு வைப்பதை நாம் குறை சொல்லவில்லை. வேகத்தை 3 அல்லது 6 மெகாபிட்டில் நிறுத்துவதும், ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு வைப்பதும், ஒருவரே எல்லாவற்றையும் உறிஞ்சிவிடாமல் தடுக்கும். அந்த வரம்பை ‘நியாயப் பயன்பாடு’ என்று பொடி எழுத்தில் ஒளிப்பதும், கோபுரம் திணறும் ஊரிலும் அதே திட்டத்தை அதே விலைக்கு விற்றுக்கொண்டே போவதும்தான் அநியாயம்.

2020இல் மலேசிய அரசு அறிவித்த ஜெண்டேலா இணையக் கட்டமைப்புத் திட்டம், 2022 இறுதிக்குள் மக்கள் வாழும் பகுதிகளில் 96.9 விழுக்காட்டுக்கு 4ஜி, சராசரி 35 மெகாபிட் வேகம் என இலக்கு வைத்தது. நல்ல இலக்குதான். ஆனால் நாட்டுச் சராசரி கோலாலம்பூரையும் சேர்த்துக் கூட்டி வகுத்தது. லயத்துக்காரருக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. 2021 இறுதியில் 3ஜியையும் மூடியதால் அந்தச் சுமையும் 4ஜி தலையில் ஏறியது.

நெரிசல் நேரத்தில் ஒவ்வொரு பகுதியிலும் கிடைக்கும் வேகத்தைத் தொடர்பு, பல்லூடக ஆணையம் வெளியிட வேண்டும். விற்ற வேகம் கிடைக்காத பகுதியில், கோபுரத்தின் திறனைக் கூட்டும்வரை புதிய அன்லிமிடெட் விற்பனைக்குத் தடை போட வேண்டும். பணம் இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. உட்புறப் பகுதிகளுக்காகவே நிறுவனங்களின் நிகர வருமானத்தில் 6 விழுக்காடு பொதுச் சேவை நிதிக்குப் போகிறது. கோபுரங்களை எண்ணிக் கணக்குக் காட்டியது போதும், அந்த நிதி தோட்டங்களுக்கு ஃபைபர் இழுக்கட்டும்.

வணிக ரகசியம் என்று நிறுவனங்கள் முனகலாம். மாதா மாதம் பணம் கட்டுபவரிடம், இரவு எட்டு மணிக்கு என்ன வேகம் கிடைக்கும் என்பதை மறைக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆண்டிறுதி விடுமுறைக் கூட்டம் மலையேறும்போதே அளவெடுப்பைத் தொடங்கலாம். முதல் பட்டியலில் தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் இடம்பெறட்டும்.