விழுப்புரம் ஈன்ற இருவர்

வரலாற்றுத் திரைப்படம் என்றாலே முதியோர் பலருக்கு உற்சாகம் பிறந்துவிடும். தொலைக்காட்சியில் 'திருவருட்செல்வர்' ஓடும்போது பேரப்பிள்ளைகளை அருகில் அமர்த்தி, "இவரே அப்பர் சுவாமிகள்" என்று கைகூப்புவோர் இன்றும் உண்டு. "அப்பர் இப்படித்தான் இருந்தாரா, தாத்தா?" என்று குழந்தை கேட்டால் என்ன விடை கூறுவது?

1967-இல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய அப்படத்தில் அப்பராகத் தோன்றியவர் நடிகர் திலகம் சிவாஜி கணேசன். 1928-இல் விழுப்புரத்தில் பிறந்தவர், வி.சி. கணேசன் என்னும் பெயரின் முதலெழுத்தும் அவ்வூரையே குறிக்கும். ஏழாம் நூற்றாண்டு அடியாருக்கு நிழற்படம் ஏது? காஞ்சி மகாபெரியவரின் திருக்கோலத்தையும் அசைவுகளையும் மனத்தில் இருத்தியே அவ்வேடத்தை ஏற்றதாகச் சிவாஜியே கூறியிருக்கிறார்.

அம்மகான் அவதரித்ததும் அதே விழுப்புரத்தில்தான், 1894-இல். சுவாமிநாதன் என்னும் பெயருடன் திண்டிவனம் அமெரிக்க மிஷன் பள்ளியில் பயின்றபோது, ஷேக்ஸ்பியர் இயற்றிய 'ஜான் மன்னன்' என்னும் வரலாற்று நாடகத்தில் இளவரசன் ஆர்தராக நடித்துப் பாராட்டுப் பெற்றார். 1907-இல் அச்சிறுவரே பீடமேறினார். பள்ளி மேடையில் பூண்ட வேடம் அன்றே கலைந்தது; துறவுக்கோலமோ ஏறத்தாழ 87 ஆண்டுகள் நிலைத்தது.

திரைப்படம் வரலாற்றைச் சுருக்கும், கற்பனையும் சேர்க்கும். 'திருவருட்செல்வ'ரில் ஒரே நடிகர் சேக்கிழாராகவும் சுந்தரராகவும் அப்பராகவும் வருகிறார். இதை மறைக்காமல் குழந்தைக்கு உண்மையையே உரைக்கலாம்: "முகம் நடிகருடையது, அந்தப் பணிவு ஒரு துறவியிடம் கண்டு கற்றது, அப்பரை அறிய வேண்டுமானால் அவர் அருளிய தேவாரம் இருக்கிறது." இவ்வாறு கூறுவதால் படத்தின் பெருமை குறையாது. அடியாராக நடிக்க வேண்டியவர் அடியார் ஒருவரைத் தேடிப் பார்த்தார் என்பதே அப்படத்திற்குச் சிறப்பு.

விழுப்புரத்திற்கு அருகிலேயே திருவாமாத்தூர் உள்ளது. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவராலும் பாடப்பெற்ற தலம். படம் பார்த்த பேரப்பிள்ளையை அங்கு அழைத்துச் சென்று, அபிராமேசுவரர் சந்நிதியில் அப்பரின் பதிகத்தை ஓதிக் காட்டும் பெரியோர், அக்கேள்விக்கு நிறைவான விடை தந்தவராவர்.