தாதியரைக் கேளாத சுகாதாரக் கொள்கை

நாட்றம்பள்ளியிலும் சுற்றுக் கிராமங்களிலும் பொழுது நன்கு புலருமுன்னரே பெண்கள் சோற்றுத் தூக்குடன் சாலையோரத்தில் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்பதை, பெங்களூர் நெடுஞ்சாலை வழியே செல்வோர் எவரும் காணலாம். ஜனங்கள் ‘ஷூ கம்பெனி’ என்று வழங்கும் ஆம்பூர், வாணியம்பாடித் தொழிற்சாலைகளுக்கு அவர்கள் செல்கிறார்கள். திரும்புவது விளக்கு வைத்த பிறகே. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாளோ புதன்கிழமை. அதுவும் பகல் வேளை. வீட்டில் பாட்டி ஒருத்தி இருந்தால் குழந்தை ஊசிக்குப் போகும்; இல்லையேல் தாய் ஒரு நாட்கூலியை இழக்க வேண்டும். இதைக் கிராம சுகாதாரத் தாதி நன்கறிவார். எந்த வீட்டில் எந்தக் குழந்தை தவறிற்று என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? நாளையும் வேளையையும் மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. மாற்றும் அதிகாரம் படைத்தவர்கள் அவரைக் கேட்பதுமில்லை.

சர்க்காரின் சுகாதாரக் கொள்கை எவ்வாறு உருவாகிறது என்பதை நம் அரசியல் ஊழியர்கள் கூர்ந்து கவனிப்பது அரிது. சட்டசபையில் நடக்கும் விவாதமே கொள்கை என்று பலர் கருதுகிறார்கள். உண்மையில் சட்டசபைக்கு வருவது பெரும்பாலும் முடிந்த காரியமே. தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் மாநிலம் தன் வேலைத் திட்டத்தை எழுதி டில்லிக்கு அனுப்புகிறது. டில்லி வெட்டியும் குறைத்தும் இசைவு தருகிறது. செலவில் நூற்றுக்கு அறுபது பங்கு அங்கிருந்தும் நாற்பது பங்கு இங்கிருந்தும் வருகின்றன. பிறகு நிதி இலாகாவின் சம்மதம்; அதன் பிறகு அரசாணை. இந்த நெடும்பாதையில் டாக்டர்கள் உண்டு, ஐ.ஏ.எஸ். உத்தியோகஸ்தர்கள் உண்டு, கணக்கர்கள் உண்டு. நோயாளியின் படுக்கையருகே இரவெல்லாம் நிற்பவளுக்கு மட்டும் நாற்காலி காண்பது அருமை.

இதன் பலன் சம்பளப் பட்டியலில் தெரிகிறது. ஆண்டுக் கணக்கில் வரும் பணத்தை நம்பி ஆயுட்கால உத்தியோகம் அளிக்க எந்த நிதிக் காரியதரிசியும் துணியார். ஆகவே ‘தொகுப்பூதியம்’ என்றொரு சொல் பிறந்தது. மாநிலம் தன் சொந்தப் பணத்தில் வைத்துக்கொள்ளும் நர்ஸுகளுக்கும் அதே சொல் வசதியாயிற்று. 2015-ஆம் ஆண்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பரீட்சையில் தேறி வந்த ஆயிரக்கணக்கான நர்ஸுகள் மாதம் 7,700 ரூபாயில் அமர்த்தப்பட்டார்கள். இரண்டாண்டில் நிரந்தரமாவோம் என்று நம்பியிருந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் மறியலில் உட்கார நேர்ந்தது. கொரோனாக் காலத்தில் அவசரமாக அழைக்கப்பட்ட நர்ஸுகளை மலர் தூவி வாழ்த்தினோம். அவர்களில் எஞ்சியிருந்தோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்ததென்று உத்தரவு வந்தது. மலர் தூவியது எளிது, செலவில்லாதது.

இக்குறை புதிதன்று. 1943-இல் நியமிக்கப்பட்டு 1946-இல் அறிக்கை அளித்த போர் கமிட்டி, முப்பது கோடி ஜனங்களுக்கு ஏறக்குறைய 7,000 நர்ஸுகளே உள்ளனர், அதாவது 43,000 பேருக்கு ஒருவர், என்று கணக்கிட்டது. டாக்டர்களோ 6,300 பேருக்கு ஒருவர். இவ்வளவு பெரிய பள்ளத்தைக் கண்டு திகைத்த அதே ஆண்டில்தான், நம் வேலூரில் சென்னைச் சர்வகலாசாலையின் அங்கீகாரத்துடன் நர்ஸிங் பட்டப் படிப்பு தொடங்கிற்று. இராணிப்பேட்டையில் பிறந்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் அங்கே நர்ஸுப் பள்ளி கண்டது 1909-இல். தேசத்துக்கே தாதியரைப் பயிற்றுவித்த பூமி இது என்று பெருமை கொள்ளும் நாம், அவர்களின் சொல்லுக்கு என்ன இடம் தந்தோம்?

1947-ஆம் ஆண்டு இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம் ஒரு நன்மை செய்தது: மாகாணப் பதிவேட்டிலுள்ள நர்ஸுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளுக்கு அதில் இடமிருந்தது. அத்தேர்தல்கள் அப்பழுக்கற்றவை என்று நாம் வாதாட மாட்டோம். ஆயினும் தேர்தல் என்னும் கொள்கை இருந்தது. அதன் இடத்தில் வைக்கப்பட்ட 2023-ஆம் ஆண்டுத் தேசிய நர்ஸிங், மருத்துவச்சி ஆணையச் சட்டம் 29 அங்கத்தினர் கொண்ட சபையை அமைத்து, நியமனத்துக்கே பெரிதும் இடந்தருகிறது. தலைமை வகிப்பவர் நர்ஸிங் கற்றவராக இருக்க வேண்டுமென்பது நல்ல விதி, அதை வரவேற்கிறோம். ஆனால் நியமிக்கப்பட்டவர் நியமித்தவரின் முகத்தையே பார்ப்பார். இம்மசோதாவின் நகல் பொதுஜன அபிப்பிராயத்துக்கென்று வெளியிடப்பட்டதோ 2020 நவம்பரில்! நர்ஸுகள் கவச உடைக்குள் வேர்த்து, வீட்டுக்கும் போகாமல் வார்டுகளில் நின்ற காலம் அது. அந்நேரத்தில் இணையத்தில் ஆங்கில நகலைத் தேடிப் படித்து ஷரத்து ஷரத்தாக ஆட்சேபம் எழுத எத்தனை தாதியரால் முடிந்திருக்கும்? மறு கட்சியையும் கேட்ட பின்பே தீர்ப்பு என்பது நீதிஸ்தலங்களில் அரிச்சுவடி. செக்ரடேரியட்டில் அது உயர்தரப் பாடமாக இருக்கிறது போலும்.

கேட்டால் செலவு கூடும் என்று அஞ்சுவோர் உண்டு. நம் பிரதேசத்தையே பார்க்கட்டும். தோல் ஷாப்புகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996-இல் தீர்ப்புக் கூறிற்று. குரோமியமும் சுண்ணாம்பும் கலந்த நீரில் கைவைத்து வேலை செய்வோரின் தோல் நோயையும், பசை நெடியில் உட்காரும் பெண்களின் மூச்சிரைப்பையும் முதலில் காண்பவர் யார்? வீடு வீடாகச் செல்லும் தாதியே. அவருடைய பதிவேடுகளில் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் பத்திகள் பல உண்டு; தொழிலால் வரும் நோய்க்கும் ஒரு பத்தி சேர்த்தால் எவ்வளவு செலவாகும்?

திருப்பத்தூர் ஜில்லாவின் நான்கு சட்டசபைப் பிரதிநிதிகளுக்கும் ஒன்று கூறுவோம். அடுத்த முறை சுகாதார மானியக் கோரிக்கை வரும்போது, புதுக் கட்டிடங்களின் எண்ணிக்கையைக் கேட்டு அமர்ந்துவிட வேண்டாம். மாநிலத்தின் வேலைத் திட்டம் எழுதிய கூட்டத்தில் எத்தனை கிராமத் தாதியர் இருந்தனர், எத்தனை இடங்கள் காலியாக உள்ளன, தொகுப்பூதியத்தில் இருப்போர் எத்தனை பேர், இந்த மூன்றையும் கேட்கட்டும். நாட்றம்பள்ளியில் தடுப்பூசியை மாதம் ஒரு முறையேனும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றவேண்டுமென்றும் கேட்கட்டும். ஞாயிறு வேலை செய்யும் தாதிக்கு மறுநாள் விடுமுறையோடுதான்.